நடுப்பெட்டி

ஒரே கொதியில் இறக்கிய தேநீரை
மூன்று கோப்பையில் ஊற்றினது போல
இருக்க வேண்டுமாம் முன்வரிசை.
சிபோனெலோ சொன்னான்,
கடைத்தரையில் மண்டியிட்டு
கம்பி நுனியை முறுக்கிக்கொண்டே.

எங்கள் இடதும் வலதும்
வெருலம் அடகுக்கடையில் வாங்கியவை.
இடுப்புயரம், மரத்தோல்,
அடிவயிற்றிலிருந்து பேசும்.
நடுவில் கிடந்ததோ
குபேன் ஜோகானஸ்பர்க் போகும்போது
விட்டுப்போன தகரத்தொண்டை.
இடமிருந்து வலமாக ஒரு கார் போனால்
நடுவில் மட்டும் அது ஸ்கூட்டராகிவிடும்.
மழை பெய்தால்
ஓரங்களில் மழை,
நடுவில் அப்பளம் பொரியும்.

சோதித்துப் பார்க்க ஓர் இரைச்சல் உண்டு.
சுருதியும் இல்லை, சொல்லும் இல்லை,
இடதில் ஷ்ஷ்ஷ்,
நடுவில் ஸ்ஸ்ஸ்,
வலதில் மறுபடி ஷ்ஷ்ஷ்.
ஒரு ஞாயிறு முழுக்க அதையே ஓடவிட்டேன்.
"நிறுத்திட்டீங்களா?" என்றாள் பூபதி,
சமையலறையிலிருந்து.
நிறுத்தவில்லை.
வலதுக்குப் போயிருந்தது.

ஐந்து மாதம் காசு சேர்த்தேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
ஒரு பல் மருத்துவர் வீட்டைக் காலி செய்தார்.
அதே கம்பெனி, அதே ஆண்டு, அதே மரத்தோல்,
இரண்டாயிரத்து நானூறு ரேண்ட்.
பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டி அழைத்து வந்தேன்.
மரியன்ஹில் சுங்கச்சாவடிப் பெண்
என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று இரவு எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும்
கார் காராகவே போனது.
மழை, சுவரிலிருந்து சுவர் வரை
ஒரே துணியாக விரிந்தது.
எந்தப் பெட்டி பேசுகிறது என்றே தெரியவில்லை.
நானே கை தட்டிக்கொண்டேன்.

படத்தில் ஒரு கோர்ட்டு.
குமாஸ்தா ஏதோ முணுமுணுக்க, நான் சிரித்தேன்.
பூபதியும் சிரித்தாள்,
ஒரு நொடி கழித்து.
அடுத்த முறையும்
ஒரு நொடி கழித்து.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜேக்கப்ஸ் தையல் ஆலை, இருபத்தாறு வருஷம்,
ஒரே கூரையடியில் அறுபது மிஷின்.
அவை அவள் காதை மொத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை.
சொல்லின் ஓரத்தை மட்டும் கத்தரித்தன.
உயிர் கேட்கும்.
மெய் கேட்காது.
கிளினிக்கில் கொடுத்த தாளில்
கோடு பாதிவழியில் சறுக்கி விழுந்திருந்தது.
பிறகு பார்க்கலாம் என்று
அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தவன் நான்தான்.

"கீழே எழுத்து ஓடவிடட்டுமா?" என்றேன்.
"எழுத்தைப் படிச்சா முகத்தை எப்போ பார்க்கிறது?"

கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்
கவிழ்ந்து கிடந்தது தகரத்தொண்டை.
துடைத்தேன், மாட்டினேன்.
கார் ஸ்கூட்டரானது.
மழை அப்பளமானது.
காது கூசியது எனக்கு.
குமாஸ்தா மறுபடி முணுமுணுத்தபோது
எனக்கு முந்திச் சிரித்தாள் பூபதி.
சிரித்துவிட்டு
"இந்த ஆள் எப்பவும் இப்படித்தான் பேசுவானா?" என்றாள்,
அன்றுதான் அவனை முதலில் பார்த்தவள் போல.

சிபோனெலோ போனில் கேட்டான், பொருந்திவிட்டதா என்று.
பொருந்திவிட்டது என்றேன்.
பல் மருத்துவர் பெட்டி
இஸ்திரி மேஜைக்கடியில் இருக்கிறது.
விற்க மனசில்லை, ஏனென்று கேட்காதீர்கள்.

நேற்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் கரண்ட் போனது.
தெரு முழுக்க இருட்டு,
கீழே ஹிகின்சன் சாலையில் மட்டும் லாரி வெளிச்சம்.
என் முகம் அவளுக்குத் தெரியாது.
மூக்கால், கொஞ்சம் கூர்மையாக,
ஓரமெல்லாம் நெளிந்த அந்தத் தகரம் போல
பேசிப் பார்த்தேன்:
"டார்ச் எங்கே?"
"ரெண்டாவது டிராயர்ல" என்றாள்,
உடனே.